டிஸ்க் வீட்டில் இருக்கிறது

நவ. 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். நேற்று கல்லறைத் திருநாள். வீட்டுக்காரர் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்த என் விரல் இன்னும் எரிகிறது.

ஏழரைக்கு ஷூ கம்பெனி. ஆபீஸ் பெருக்கி, பின் ரூமில் சர்வர் பொத்தானை அழுத்தினேன். ஏழு மாதமாக என் வேலை. அதற்கு முன் அவர் வேலை.

வழக்கமாக நான் ஃப்ளாஸ்க் கழுவி வருவதற்குள் எழுந்துவிடும். இன்று கறுப்புத் திரையில் சிவப்பு நட்சத்திரம் அங்கும் இங்கும் ஓடிக்கொண்டே இருந்தது. ஓரத்தில் நொடி எண்ணிக்கை. ஒன்றரை நிமிடம் ஆனதும் ஏதோ இங்கிலீஷில் போட்டுவிட்டு நின்றுவிட்டது. கேட்டில் விரல் வைக்கும் மிஷின் வேலை செய்யவில்லை. எல்லோரும் நோட்டில் கையெழுத்து. கட்டிங் ஹாலுக்கு வேலைச் சீட்டு அச்சாகவில்லை.

சனிக்கிழமை சென்னையிலிருந்து நிவேதா என்கிற பெண் நெட் வழியாக, சர்வரை ஓட்டும் லினக்ஸைப் புதுசாக மாற்றினாளாம். அதற்குப் பிறகுதான் இப்படி.

மேனேஜர் அன்வர் பாய் வந்து பார்த்தார். "எல்லாம் தேவராஜ் ஒட்டுப் போட்டு ஓட்டினது. சனிக்கிழமைக்குள்ள சரியாவலன்னா காயலான் கடைக்குப் போட்டுடலாம். ஒரே பேஜார்." பிறகு என்னைப் பார்த்து, "உன் வீட்டுக்காரரக் குறை சொல்லலம்மா" என்றார். சொல்லிவிட்டுத்தான்.

நெட் இல்லாததால் நிவேதாவால் அங்கிருந்து உள்ளே வர முடியாது. போனில் அவள் கேட்க, திரையில் இருப்பதை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். ஏழாவதுதான் படித்தேன். ஆனால் தையல் லைனில் பத்து வருடம் இங்கிலீஷ் எழுத்தும் எண்ணுமாக லாட் நம்பர் கூவியவள்.

"ஏதோ ஒரு டிஸ்க்கத் தேடுதுக்கா. வெளிய ஒன்னு மாட்டுவாங்களா?"

"தெரியாதும்மா."

பொய். வீட்டு பீரோவில், புடவைக்கு அடியில்.

நவ. 4, செவ்வாய்

வெயில். லைனிங் தோல் கட்டு வந்து இறங்கியது. அவர் சட்டை வாசனை.

சனிக்கிழமை சாயங்காலம் டிஸ்கைக் கழற்றி, துண்டு லைனிங் தோலில் சுற்றி முடிச்சுப் போட்டு, சாப்பாட்டுப் பையில் வைப்பார். "இங்க தீப்பிடிச்சா டிசைன் எல்லாம் போச்சு. வீட்ல ஒரு காப்பி இருக்கணும்." பஸ்ஸில் என் மடியில் வைத்துவிட்டு நின்றுகொண்டே வருவார். திங்கள் திரும்ப மாட்டுவார். ஒரு ஞாயிறு மதியம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அத்தோடு சரி. டிஸ்கை யாரும் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. அவர் கை போட்ட முடிச்சு.

இன்று நிவேதா போனில் சொல்லி ஒரு ஃபைலைத் திறக்க வைத்தாள்.

"குறுக்க ரெண்டு, நெடுக்க ரெண்டு கோடு."

"அது ஹாஷ். அப்புறம்?"

"டி, ஐ, எஸ், கே. காலி இடம். வி, இ, இ, டி, எல், ஏ. இடம். ஜே, இ, ஒய், ஏ..."

நிறுத்திவிட்டு, வரியை முதலிலிருந்து எனக்குள் படித்தேன்.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். டிஸ்க் வீட்ல. ஜெயா கிட்ட கேளுங்க.

"ஜெயா யாருக்கா?"

"நான்தாம்மா. டிஸ்க்கு எங்கிட்டதான் இருக்குது. நேத்து பொய் சொல்லிட்டேன்."

 அவள் சொன்னாள்: "ஹாஷ் போட்டா அந்த வரிய மிஷின் படிக்காதுக்கா. பின்னாடி வர்றவங்களுக்கு எழுதி வைக்கிறது. மாத்தறதுக்கு முன்னாடி நான் படிச்சிருக்கணும். பழைய லினக்ஸு டிஸ்க் இல்லன்னா வுட்டுட்டுப் போய்டும். புதுசு காத்திருந்து நின்னுடும். அவர் மேல தப்பில்ல."

"இத பாய்கிட்ட சொல்வியாம்மா?"

"சொல்றேன்க்கா."

நவ. 5, புதன்

முடிச்சைப் பல்லால் அவிழ்த்தேன். அப்படி இறுக்குவார்.

டிஸ்க் மாட்டியதும் உடனே எழுந்தது. நிவேதா ஃபைலில் ஒரு சொல் சேர்க்க வைத்தாள், இனி டிஸ்க் இல்லாவிட்டாலும் நிற்காதாம். ஆனால் நெட் வரவில்லை. பாய்: "எழுந்து இன்னா பிரயோஜனம்? யார்கிட்டயும் பேச மாட்டேங்குதே."

வாங்க: சோப்பு, தேங்காய், தலைவலித் தைலம்.

நவ. 6, வியாழன்

நெட் கார்டுக்குப் புது லினக்ஸ் வேறு பெயர் வைத்துவிட்டதாம். ஃபைலில் பழைய பெயர். மாற்றி அடித்தேன். வரவில்லை. மறுபடி அடித்தேன். வரவில்லை.

"கடைசி எழுத்து இன்னா போட்டீங்க?"

"ஓ."

"சைபர்க்கா அது."

தையல் லைனில் சைபரையும் ஓ என்றுதான் கூவுவோம். திருத்தினேன். கேட்டில் விரல் மிஷின் கத்தியது. கட்டிங் ஹாலில் எவனோ விசில் அடித்தான்.

பாய் கதவருகில் நின்றார். "அந்தப் பொண்ணு போன் பண்ணுச்சு. தேவராஜ் செஞ்சது சரியாத்தான் இருந்துச்சாம். நான்தான் வாய வுட்டுட்டேன்." மிஷின் இங்கேயே இருக்கட்டும் என்றார்.

ரூமைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் அழுதேன். மின்விசிறி சத்தத்தில் வெளியே கேட்டிருக்காது.

நவ. 8, சனி

மழை. ஐந்து மணிக்கு டிஸ்கைக் கழற்றினேன்.

"இனிமே லாக்கர்ல வச்சிடும்மா."

"அதுல வேற மாதிரி எழுதியிருக்கு பாய்." ஃபைலைத் திறந்து, அவர் ஹாஷ் போட்டு எழுதிய வரியைப் படித்துக் காட்டினேன்.

பாய் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, எடுத்துட்டுப் போ. திங்கக்கிழமை மறக்காத."

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பக்கத்து சீட்டுப் பெண், "இன்னாக்கா, மடியிலயே வச்சிருக்கீங்க, கேக்கா?"

கம்பெனி டிஸ்க்கு, வாரா வாரம் நான்தான் எடுத்துட்டுப் போறேன் என்றேன்.