புதன்கிழமைச் செய்தி போய்ச் சேரவில்லை

அக்டோபர் 11, புதன்

இன்றும் போகவில்லை. எல்க்ஹெட் மலை மேலிருக்கும் நிலையம் என் ரேடியோவுக்குப் பதில் சொல்கிறது, கைகுலுக்குகிறது, செய்தியை வாங்க ஆரம்பிக்கிறது. பாதியில் விட்டுவிடுகிறது. காலையிலிருந்து இதே கதை.

அனுப்ப வேண்டியது ஒரே ஒரு வரி. உரிமத்தோடு கொடுத்த அழைப்புக் குறி, பெயர், ஊர், எந்த வழியாக அனுப்பினேன் என்பது. இணையம் இல்லாமல், வெறும் ஹாம் ரேடியோவில் போகிற மின்னஞ்சல். மாவட்டத்தில் உரிமம் வைத்திருக்கும் எல்லாரும் புதன்தோறும் ஃபென்விக்கில் இருக்கும் ஆர்லன் ஸ்ட்ரீட்டருக்கு அனுப்புகிறோம். அவர் பட்டியல் போட்டு வியாழக்கிழமை எல்லாருக்கும் அனுப்புவார். புயலில் போன், மின்சாரம் எல்லாம் போனால் கை பழகியிருக்க வேண்டும் என்பதற்காக.

டெல்பர்ட் சாய்வு நாற்காலியில் இருந்தபடி, "போன்ல அனுப்பினா இந்நேரம் போய்ச் சேர்ந்து பதிலும் வந்திருக்கும்" என்றார். மூக்கில் ஆக்சிஜன் குழாய். பக்கத்தில் மின்சாரத்தில் ஓடுகிற அந்த ஆக்சிஜன் இயந்திரம் உறுமிக்கொண்டிருக்கிறது. யாருக்காக இதை வாங்கி வைத்துக்கொண்டு மல்லாடுகிறேன் என்று நான் கட்டிக்கொண்ட இந்த மனுஷருக்குத் தெரியாதா?

அக்டோபர் 18, புதன்

போயிற்று. போயே போயிற்று. கடைசி எழுத்து வரை. எழுந்து நின்று கைதட்டினேன். டெல்பர்ட்டும் தட்டினார், கிண்டலுக்குத்தான்.

அக்டோபர் 19, வியாழன்

பட்டியலில் என் பெயர் கடைசியில், தனியாக. "வடிவம் தவறு. அழைப்புக் குறிக்குப் பின் காற்புள்ளி இல்லை. கணக்கில் சேரவில்லை."

காற்புள்ளி.

அதுகூடப் பரவாயில்லை. மேலே இருக்கும் பெயர்களைப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லார் பெயருக்கும் எதிரே "இணையம் வழி". வீட்டு இணையத்திலிருந்து ஒரு வரி தட்டிவிட்டுப் போகிறார்கள். அது கணக்கில் சேருமாம். மலையைத் தாண்டி ரேடியோவில் போன என் வரி சேராதாம். இதுக்கு எதுக்கு ஒரு பயிற்சி, எதுக்கு ஒரு பட்டியல்?

அக்டோபர் 21, சனி

ரேடியோக் குழுவின் மாதாந்திரக் காலை உணவுக்கு ஃபென்விக் போனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

ஆர்லன் எனக்கு நேர் எதிரே. ஓய்வுபெற்ற நில அளவையாளர். அப்பத்தின் மேல் சிரப்பைக்கூட அளந்துதான் ஊற்றுவார். எனக்குப் பொறுக்கவில்லை. "பனிப்புயல்ல இணையம் இருக்குமா ஆர்லன்?" என்று கேட்டேன்.

"இருக்காது."

"அப்ப எதுக்கு அதுல வர்றதை எல்லாம் சேர்க்கிறீங்க?"

"சேர்க்கலைன்னா யாரும் வரமாட்டாங்க ரோவீனா. நாலு பேரை வச்சுக்கிட்டு என்ன பண்றது? வந்து பழகட்டும். மெல்ல மெல்ல ரேடியோவுக்கு வருவாங்க."

"நீங்களே வரலையே. உங்க ஆண்டெனா காத்துல விழுந்து வருஷமாச்சு. எல்லாச் செய்தியையும் இணையத்துலதானே எடுக்கிறீங்க? மிச்சம் நிக்கிற கம்பம் துணி காயப்போடத்தான் லாயக்கு."

மேசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். ஆர்லன் சிரிக்கவில்லை. முள்கரண்டியைத் தட்டில் நேராக வைத்தார். "என் வீட்டுக் கம்பத்தைப் பத்தி உங்களுக்கு என்னம்மா" என்றார், மெதுவாக. பாதி அப்பத்தை அப்படியே விட்டு எழுந்து போனார்.

நான் சொன்னது சரிதான். சொன்ன விதம்? - தெரியவில்லை. வண்டி ஓட்டி வரும்போதெல்லாம் அந்தத் தட்டுதான் கண்ணில்.

அக்டோபர் 25, புதன்

அனுப்பவில்லை. மனசில்லை.

நவம்பர் 2, வியாழன்

ஆர்டிஸ் போன் செய்தாள். குழுவில் நானும் அவளும்தான் பெண்கள். எனக்காகப் பேசுவாள் என்று நினைத்தேன். "நீ கேட்டது நடந்துருச்சு, சந்தோஷமா? வர்ற புதன் இணையத்துல அனுப்பினா ஆர்லன் சேர்க்க மாட்டாராம். எல்லாரும் உன்னைத்தான் திட்டுறாங்க. நானும்தான்."

நவம்பர் 9, வியாழன்

நேற்று ரேடியோ மட்டும். இன்று பட்டியல் வந்தது. நீளமாக இருந்த பட்டியல் உள்ளங்கையில் அடங்கிவிட்டது. விட்டுப்போன அத்தனை பேரும் ரேடியோவில் தோற்றிருக்கிறார்கள்.

நானும். என் பெயரும் இல்லை. ஊரையே கூட்டி நியாயம் கேட்டவள் பெயர் இல்லை.

டெல்பர்ட் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. தண்ணீர் கொடுத்தேன். கொடுக்கிற கோபத்தில் பாதி அவர் சட்டையில் கொட்டியது.

நவம்பர் 12, ஞாயிறு

ஆண்டெனாக் கம்பியை இறக்கி, கிழக்குப் பக்கத்து ஃபிர் மரத்துக்கு மாற்றிக் கட்டினோம். டெல்பர்ட் சின்ன ஆக்சிஜன் சிலிண்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு கீழே நின்று யோசனை சொன்னார். இடது. இல்லை, என்னோட இடது. "நீங்க பேசாம கயித்தை மட்டும் பிடிங்க" என்று கத்தினேன். ஏணியில் நின்று அழுகிற வயதா எனக்கு?

நவம்பர் 22, புதன்

போகவில்லை. நாளைய நன்றித் திருநாள் விருந்துக்கு அடுப்பில் வைத்த பூசணி இனிப்பும் கருகிவிட்டது. ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்ததுதான் காரணம்.

டிசம்பர் 7, வியாழன்

பட்டியலின் அடியில் ஆர்லன் ஒரு குறிப்புப் போட்டிருக்கிறார். மழைக்காலத்தில் மலை நிலையத்தை மட்டும் நம்ப வேண்டாமாம். அது பேச்சிழந்தால் நண்பகலில் அவரையே நேராக அழைக்கலாமாம், வீட்டில் கேட்டுக்கொண்டிருப்பாராம். அலைவரிசையும் கொடுத்திருக்கிறார். எதை வைத்துக் கேட்பார், காதை வைத்தா?

டிசம்பர் 15, வெள்ளி

இப்போதுதான் உட்கார முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

செவ்வாய் இரவு பெய்தது பனியில்லை, உறைகிற மழை. புதன் விடியும்போது மரமெல்லாம் கண்ணாடி. மின்சாரம் இல்லை. போன் இல்லை. சாலையில் மரங்கள் குறுக்கே. இயந்திரம் நின்றுவிட்டதால் டெல்பர்ட்டைச் சிலிண்டருக்கு மாற்றினேன். இருப்பு அதிகமில்லை. காலிச் சிலிண்டர்களைப் போன வாரமே கொடுத்துப் புதிது வாங்கியிருக்க வேண்டியது, நாளை நாளை என்று தள்ளிவிட்டேன்.

வண்டி பாட்டரியைக் கழற்றி வந்து ரேடியோவுக்குக் கொடுத்தேன். மலை நிலையத்தைக் கூப்பிட்டேன். கைகுலுக்கக்கூட ஆளில்லை. மறுபடி, மறுபடி. டெல்பர்ட் கண்ணை மூடிக்கொண்டு, மூச்சை மிச்சம் பிடிப்பவர் போலப் படுத்திருந்தார். அவர் கிண்டல் செய்யாததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஆர்லனின் குறிப்பு ஞாபகம் வந்தது. நம்பிக்கை இல்லை. வேறு வழியும் இல்லை. நண்பகலில் அவர் அழைப்புக் குறியைப் போட்டு நேராகக் கூப்பிட்டேன். முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. விடவில்லை. "டெல்பர்ட்டுக்கு ஆக்சிஜன் தீரப்போகிறது. மின்சாரம் இல்லை. சாலை அடைப்பு." அவ்வளவுதான் எழுதினேன். அடுத்த சில நிமிடத்தில் பதில். "கிடைத்தது. தீயணைப்பு நிலையத்துக்கு நடந்தே போகிறேன். ரேடியோவை அணைக்காதீர்கள்."

இருட்டுவதற்குள் வந்துவிட்டார்கள். சங்கிலி போட்ட லாரி, முன்னால் மரம் அறுக்கிற இரண்டு பேர், பின்னால் சிலிண்டர்கள். டெல்பர்ட் அந்தப் பையன்களிடம், "ரம்பத்தை அப்படியா பிடிக்கிறது" என்றார். அறுவை ஆலையில் காலம் தள்ளியவர். உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

டிசம்பர் 23, சனி

சாலை திறந்ததும் ஆர்லன் வீட்டுக்குப் போனேன். கொல்லையில் இரண்டு பைன் மரங்களுக்கு நடுவே புதுக் கம்பி, தாழ்வாக. அப்படிக் கட்டினால்தான் ரேடியோ அலை மலைக்கு மேலே போய் எங்கள் பள்ளத்தாக்கில் இறங்குமாம். எப்போது கட்டினீர்கள் என்று கேட்டேன்.

"அந்தக் காலைச் சாப்பாட்டுக்கு மறுநாள்."

"ஆர்லன், நான் அன்னைக்குப் பேசினது -"

"எனக்கு இன்னும் கோவம்தான்" என்றார். "உள்ள வாங்க, குளிருது."

காபி கொடுத்தார். டெல்பர்ட்டைப் பற்றிக் கேட்டார்.

பிப்ரவரி 7, புதன்

இனி மாதத்தின் முதல் புதன் ரேடியோ மட்டும். எல்லாரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள், ஆர்டிஸ் உட்பட. அவளுடையது காலையிலேயே போய்விட்டதாம். என்னுடையது போகவில்லை. மாலை வரை போகவில்லை. ரேடியோவில் மாட்டியிருக்கிற மோடத்தைத் தூக்கிப் பனியில் எறியலாம் போலிருந்தது.

அப்போது ரேடியோவில் ஆர்லன் குரல். "ரோவீனா, உங்களோடது இன்னும் வரலையே."

"தெரியுது. அவசரப்படுத்தாதீங்க."

"அவசரமில்ல. நான் இங்கதான் இருக்கேன்."

டெல்பர்ட் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, கம்பியில் உறைந்ததைத் தட்ட வெளியே போனார்.

பிப்ரவரி 9, வெள்ளி

நேற்று பட்டியல் வரவில்லை. ஒரு வியாழன்கூடத் தவறியதில்லை அவருக்கு. என் வரி இன்று காலையில்தான் போயிற்று. மதியம் பட்டியல் வந்தது. கடைசிப் பெயர் என்னுடையது.