கூரையில் செருகிய மூங்கில் குழாய்

மதுராந்தகம்,
ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முட்டுவலி குறைந்ததா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன். போனில் பேசினால் குரல் என் வலியைக் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் எழுதுகிறேன். இடது கையால் எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும்.

வேடந்தாங்கல் பக்கம் ஓர் எருமைக்கு ஊசி போடப் போயிருந்தேன். நுரையீரலில் கிருமி தாக்கி, கடும் காய்ச்சலில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தது. மாட்டுக்காரர் ஜானகிராமன் அதன் தலையை வேப்பங்கிளையில் தூக்கிக் கட்டி, நாக்கை இழுத்துப் பிடித்து, இருமலுக்கு மருந்தென்று மூங்கில் குழாயால் நல்லெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்கண்ணே! எண்ணெய் நுரையீரலுக்குள்ள போகுது!"

"எங்க மாட்டுக்கு இன்னா பண்ணணும்னு எங்களுக்குத் தெரியும். நீ ஊசியப் போட்டுட்டுக் கெளம்பு!"

குழாயைப் பிடுங்கப் போனேன். எருமைக்கு மூச்சு அடைத்தது. கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து, கொம்பால் என்னைச் சுவரோடு அடித்தது. வலது கை முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. பிறகு அது மூக்கு வழியாக இரத்தமும் எண்ணெயுமாகக் கக்கி, மண்ணை உதைத்து உதைத்துச் செத்தது. ஜானகிராமன் அந்தக் குழாயாலேயே தன் தலையில் அடித்துக்கொண்டார், குழாய் பிளக்கும்வரை. கால்நடை மருத்துவர் அறுத்துப் பார்த்தபோது, இறுகிப்போன நுரையீரலிலிருந்து சீழோடு நல்லெண்ணெயும் வடிந்தது.

பயப்படாதீர்கள், மாவுக்கட்டு போட்டாயிற்று. தலை பின்னிவிடத்தான் ஆளில்லை. அம்மாவை ஒரு வாரம் அனுப்புங்கள்.

இடது கையும் கடுக்கிறது, முடிக்கிறேன். மழை பிடித்தால் நம் எருமையும் இருமும். கூரையில் செருகியிருக்கும் நம் குழாயை இன்றே அடுப்பில் போட்டு எரித்துவிடுங்கள். ஊசி போட வரும் பெண் கத்தினால் கோபப்படாதீர்கள், அப்பா. அவளுக்கும் இரண்டு கைதான்.

உங்கள் மகள்,
செல்வராணி