ஜெபமாலை டப்பாவில் இருந்த மாத்திரை

என் பிரியமுள்ள அப்பாவுக்கு,

கோபமாகத்தான் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்; இந்தக் கோபம் உங்களிடமிருந்து வந்ததுதான்.

போன மழைக்காலத்தில், ரத்தத்தில் கிருமி ஏறி, காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு, பீர்மேட்டு தேயிலை எஸ்டேட் லயத்து வீட்டிலிருந்து ஜீப்பில் நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கே வந்தீர்கள். அட்மிஷன் ஃபாரத்தை நான்தான் நிரப்பினேன். "வேற மாத்திரை ஏதும் சாப்பிடுதீயளாப்பா?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லம்மா" என்று சுவரைப் பார்த்துச் சொன்னீர்கள். 'இல்லை' என்று எழுதினேன். மூன்றாம் நாள் போய்விட்டீர்கள்.

அடக்கம் முடிந்து உங்கள் ஜெபமாலை டப்பாவைத் திறந்தால், உள்ளே பாதி தீர்ந்த மாத்திரை அட்டை. மூத்திரம் இறங்காமல் தவிக்கும் ஆண்களுக்குக் கொடுக்கிற ஆல்ஃபா பிளாக்கர். பெற்ற மகளிடம் சொல்ல அத்தனை வெட்கமா அப்பா? நான் நர்ஸ் இல்லையா?

இப்போது நடப்பதைக் கேளுங்கள். அந்த மாத்திரையை ஏற்கெனவே சாப்பிட்டு வந்தவர்களுக்கு ரத்தத்தில் கிருமி ஏறினால், அது காக்கிறதா, பிரஷரை இன்னும் இறக்கிக் கெடுக்கிறதா என்று எங்கள் டாக்டர் ஒருவர் பழைய கேஸ் ஷீட்டுகளில் தேடுகிறார். உங்கள் ஷீட்டை, மாத்திரை சாப்பிடாதவர்களின் ஷீட்டுக் கட்டோடு சேர்த்து வைத்திருந்தார். "தப்பு சார்" என்றேன். "எழுதினது உங்க கைதானே சிஸ்டர்?" என்றார்.

ஆமாம், என் கைதான். அதற்காகப் பொய் அப்படியே கிடக்க வேண்டுமா? எஸ்டேட் டிஸ்பென்சரிக்குப் போனேன். ரிஜிஸ்டரில் மாதாமாதம் அந்த மாத்திரை, பக்கத்தில் உங்கள் கோணல் கையெழுத்து. நகல் வேண்டுமானால் அம்மா கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஏட்டி, செத்த மனுசன் மூத்திரச் சங்கதிய எதுக்குச் சந்திக்கு இழுக்கே?"

இழுப்பேன். லயமே சிரிக்கட்டும். மறைத்து மறைத்து நாம் என்ன கண்டோம்? திட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

நகலைப் பார்த்ததும் டாக்டர் உங்கள் ஷீட்டைக் கட்டு மாற்றி வைத்தார். அந்த மாத்திரை உங்களைக் காப்பாற்றப் பார்த்ததா, கைவிட்டதா? ஒருவர் ஷீட்டை வைத்துச் சொல்ல முடியாதாம். தெரியாமலே இருக்கட்டும், பொய்யாக இருக்கக் கூடாது.

இதோ என் வாக்கு. இனி என் வார்டில் எந்த அப்பாவிடமும் அந்தக் கேள்வியை மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்கமாட்டேன். முதலில் மகளை வெளியே அனுப்புவேன். அவள் நர்ஸாகவே இருந்தாலும்.

அன்று வெளியே போகாமல் நின்ற உங்கள் மூத்த மகள்,
ஸ்டெல்லா