காவலன் இல்லாத வாசல்

பாகூர்
12-9-1957

கிரீடம் இல்லாட்டியும் தலையத் தூக்கியே நடக்கிற மண்ணாடிப்பட்டு மகாராஜா பலராமனுக்கு, உன்னோட கட்டியக்காரன் சம்மந்தம் கால்ல விழுந்து, இடுப்பப் புடிச்சிக்கிட்டு எழுந்து எழுதுறது.

இங்க எல்லாரும் சுகம், தம்பி மாரிமுத்துவோட இடது முழங்காலத் தவிர. அது மழை வர்றத ஒரு நாள் முன்னாடியே சொல்லிடுது. தெருவுல நெல்லு காயப்போடுறவங்க வானத்தப் பாக்குறத வுட்டுட்டு இவன் கால வந்து கேக்குறாங்க.

மூணு வருஷமா நீயும் எழுதல, நானும் எழுதல. நீ எழுதாதது சரி. ராஜா முதல்ல வாயத் தொறக்கக் கூடாது, கோமாளிதான் கூப்புடணும். அதான் கூப்புடுறேன்.

நவம்பர் ஒண்ணாந் தேதியோட பிரெஞ்சு வெள்ளைக்காரன் கொடி எறங்கி மூணு வருஷம் ஆவுது. அன்னிக்கு இங்க விழா. பிளாக் ஆபீசுல இருந்து சமூகக் கல்வி அதிகாரி அந்தோணிசாமின்னு ஒரு சாரு வந்திருக்காரு. நம்ம வாத்தியாரு கட்டுன மணிமுடி ராஜன் கூத்துதான் வேணுமாம். அதுவும் சாயங்காலம் நாலு மணிக்கு ஆரம்பிச்சி ஆறு மணிக்கு முடிக்கணுமாம்! விடிய விடிய ஆடுறத ரெண்டு மணி நேரத்துல ஆடுனா ராஜா பொறந்த உடனே சாவ வேண்டியதுதான். ஆனா பதினாறு சுத்து சுத்தி சபைக்கு வர்ற ராஜா உன்ன வுட்டா வேற எவன் இருக்கான்?

கடைசியில உனக்கு சால்வை. இந்தியக் கொடி ஏத்தப் போன பையன ஒளிச்சி வெச்சிக் காப்பாத்துன கலைஞன்னு நீ சொல்லிக்கிட்டுத் திரியிறது இங்க வரைக்கும் வந்துடுச்சி. மாரிமுத்துவும் அதயேதான் சொல்றான். "பலராமண்ணன் இல்லாட்டி மூணு நாள்கூட ஒளிஞ்சிருந்திருக்க முடியாது"ன்னு.

அபிஷேகப்பாக்கத்துல நம்ம கூத்துப் பெட்டி வெக்கிற கொட்டாயி, அவன் ஒளிஞ்சிருந்த எடம், ஞாபகம் இருக்கா? அந்தப் பூட்டு இப்ப என்கிட்டதான் இருக்கு. ஒரு கீறல் இல்ல. அவன் கால ஒடைக்க வந்த வெள்ளைக்காரன் கட்சித் தடியனுங்க எவ்வளவு மரியாத தெரிஞ்சவனுங்க பாரு, சாவி போட்டுத் தொறந்திருக்கானுங்க. இருந்த ரெண்டு சாவியில ஒண்ணு என் அரைஞாண்லயே தொங்குது. உன்னோடது எங்கய்யா?

சும்மா கேட்டேன். பதில் போடு.

கூப்புட்ட குரலுக்கு ஓடி வர்ற,
சம்மந்தம்


மண்ணாடிப்பட்டு
23-9-1957

அன்புள்ள சம்மந்தத்திற்கு பலராமன் எழுதிக்கொண்டது.

உன் கடிதம் கிடைத்தது. கோணல் எழுத்தைப் பார்த்ததும் என் மனைவி பவுனம்மாள், "அண்ணன் வாயைப் போலவே எழுத்தும் ஒரு இடத்தில் நிற்காது" என்று சிரித்தாள். நெடுநாள் கழித்து இந்த வீட்டில் சிரிப்பு.

சாவி அந்த வருஷத்து வெள்ளத்தில் போய்விட்டது என்று அப்போதே சொன்னேன். பழைய பேச்சு எதற்கு? மாரிமுத்துவுக்கு நடந்தது என் மனத்திலும் முள்தான். தைப்பொங்கலுக்கு வெல்லம் அனுப்பாமல் இருந்திருக்கிறேனா?

கூத்துக்கு வருகிறேன். கிரீடத்துக்குப் புது ஜிகினாத் தாள் ஒட்டச் சொல். சால்வையை யார் கையால் போடுகிறார்கள் என்று கேட்டு எழுது.

ஒரு விஷயம். அந்த அதிகாரி கூத்து முடிந்ததும் ஜனங்களிடம் ஏதோ கேள்வி கேட்பாராமே? கூத்துக்குக் கேள்வி எதற்கு? என்ன கேட்பார்கள், யாரிடம் கேட்பார்கள் என்று தெரிந்தால் நல்லது.

இப்படிக்கு,
பலராமன்


பாகூர்
6-10-1957

கேள்வின்னதும் தொண்ட காஞ்சி போன ராஜாவுக்கு,

பயப்படாத. கேள்வி உன்னக் கேக்க மாட்டாங்க, ஜனங்களத்தான் கேப்பாங்க. எப்படின்னு சொல்றேன் கேளு.

போன மாசம் தவளக்குப்பத்துல சாரு நம்ம கூத்துக் கதையப் படிச்சிக் காட்டுனாரு. எதிரி கோட்டையச் சுத்திட்டான், தான் தப்பிக்க ராஜா தன்னோட வாசக் காவலன ரகசியமாப் புடிச்சிக் குடுத்துடுறான், யாரு குடுத்தாங்கன்னு காவலனுக்குத் தெரியாது, ராஜா முப்பது வருஷம் நல்லா ஆள்றான், மங்களம். படிச்சிட்டு, "ராஜா செஞ்சது தப்பா?"ன்னு கேட்டாரு. "தப்புதான்"னாங்க. துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டுக் கெளம்பிட்டாங்க. சாரு மூஞ்சி சுருங்கிப் போச்சி.

திரும்பி வர்றப்ப அவரு சைக்கிளுக்குப் பின்னாடி உக்காந்துக்கிட்டு நான் சொன்னேன்: "சார், ஆமா இல்லன்னு முடியிற மாதிரி கேட்டா, அதச் சொல்லிட்டு எழுந்து பூடுவான். அவன் உள்ள போய்த் தேடுற மாதிரி கேக்கணும்." அடுத்த வாரம் அபிஷேகப்பாக்கத்துல என்னயே கேக்கச் சொன்னாரு. நான் கேட்டேன்: "அன்னிக்கு மத்தியானம் ராஜா சோத்துல கை வெக்கும்போது இன்னா நெனச்சிருப்பான்?"

அம்மாடி! ஒருத்தர் எழுந்திரிக்கல. புருஷனும் பொண்டாட்டியும் அடிச்சிக்கிட்டாங்க. பதினஞ்சி வருஷம் அந்தக் கதைய ஆடுனோமே பலராமா, ராஜாவ ஒருத்தன்கூட ஒண்ணும் கேக்கல. நாமளும் கேக்கல.

எனக்கும் ஒரு ஆளுகிட்ட மூணு வருஷமா ஒரு கேள்வி இருந்திச்சி. "நீதானா?"ன்னு கேட்டா "இல்ல"ன்னு சொல்லிட்டு வூட்டுக்குப் போய் நல்லாத் தூங்குவான். அதான் கேக்காமலே வெச்சிருந்தேன். சாரு புண்ணியத்துல இப்ப நல்லாக் கேக்கக் கத்துக்கிட்டேன்.

நவம்பர் ஒண்ணாந் தேதி இன்னா கேப்பேன்னு இப்ப சொல்ல மாட்டேன். வாத்தியாரு வெச்ச சட்டம் மட்டும் ஞாபகம் வெச்சிக்க: "கொலு கலையலாம் மகாராஜா"ன்னு கட்டியக்காரன் சொல்லாம ராஜா சபைய வுட்டுப் போவக் கூடாது.

நீ வராமலும் இருக்கலாம். "ஏன் வரல?"ன்னு ஜனங்க கேப்பாங்க. அதுவும் பெரிய கேள்விதான்.

சால்வை அந்தோணிசாமி சாரு கையால. ஜிகினா ஒட்டியாச்சி.

உன் கோமாளி,
சம்மந்தம்


பாகூர்
4-11-1957

சொல்லிக்காம ஓடிப் போன மகாராஜாவுக்கு,

சுகமாப் போய்ச் சேந்தியா? பஸ்ஸுல அரிதாரத்தோடயே ஏறிட்டன்னு கேள்விப்பட்டேன். கண்டக்டர் உனக்கு டிக்கெட் குடுத்தானா, இல்ல கும்புடு போட்டானா?

மாரிமுத்து முழங்கால் வலிக்கல, அதனால மழை வராதுன்னு முந்தின நாளே சொன்னான். வரல. நீயும் நல்லாத்தான் ஆடுன. பதினாறு சுத்துல ஒண்ணு கொறையல. உன் காலப் பாத்து எல்லாரும் கை தட்டுனாங்க. மாரிமுத்துதான் ரொம்ப நேரம் தட்டுனான்.

அப்புறம் நான் கேட்டேன்: "காவலன் இல்லாத கோட்டை வாசல மறுநாள் காலையில ராஜா எப்படிங்க தாண்டியிருப்பான்?"

அதுக்கப்புறம் நீ தரையத்தான் பாத்துக்கிட்டு நின்ன. அதனால நடந்தத நான் சொல்றேன்.

மீன் விக்கிற அமிர்தம்தான் முதல்ல. "எப்பவும் போலத்தான் தாண்டுவான். நேத்துக் குளிச்ச மாதிரி இன்னிக்கும் குளிச்சி, பொட்டு வெச்சிக்கிட்டு. ராஜா கால் என்னா கூசவா போவுது?" நடவுக்குப் போற தையலம்மாள் வுடல. "ஏ அமிர்தம், சும்மா இரு. அவன் பின்பக்கச் சுவத்த இடிச்சி வேற வாசல் வெச்சிருப்பான்டி!" அப்புறம் ஒரு பெருசு: "மறுநாளே புதுக் காவலன் போட்டிருப்பான். ஆனா அவன் பேரக் கேட்டிருக்க மாட்டான்." நான் சிரிச்சிக்கிட்டே, "மகாராஜா, ஜனங்க சொல்றது காதுல வுழுதா?"ன்னு உன்னச் சுத்திச் சுத்தி வந்தேன். கிரீடத்துக்கு அடியில வேர்வ ஒழுகுனத நான் கிட்ட இருந்து பாத்தேன். இனிச்சிச்சி. மூணு வருஷம் காத்திருந்து தின்ன மாதிரி இனிச்சிச்சி.

ஒரு நாப்பது பேரு பேசியிருப்பாங்க. நான் உனக்குப் போவ விடை குடுக்கல. பக்கத்துல இருந்த தடிய ஊணிக்கிட்டு மாரிமுத்து எழுந்தான் பாரு, அத நான் எதிர்பாக்கல. சத்தியமாச் சொல்றேன், அவன நான் ஏவி வுடல.

"அந்தக் காவலன் உசுரோட இருக்கானா அண்ணே?"ன்னு என்னக் கேட்டான். இருக்கான்னேன். "அப்ப ராஜா ஒரு தரம் அவன் வூட்டுக்கு வந்து உக்காந்துட்டுப் போவணும். ஒண்ணும் சொல்ல வேணாம். காவலனுக்கு யாருன்னு தெரியாது இல்ல, ராஜாவப் பாத்தா சந்தோஷம்தான் படுவான். அந்தச் சந்தோஷத்த ராஜா பாக்கணும். அது போதும்."

அப்பத்தான் நீ கிரீடத்தக் கழட்டி பெஞ்சு மேல வெச்சிட்டு நடந்த.

கொட்டாயிப் பூட்ட மாத்திட்டேன். பதில் போடுறதும் போடாததும் உன் இஷ்டம்.

சம்மந்தம்


மண்ணாடிப்பட்டு
11-11-1957

சம்மந்தம்,

நீ கேட்காத கேள்விக்குப் பதில் எழுதுகிறேன்.

ஆமாம்.

சாவி வெள்ளத்தில் போகவில்லை. அந்தத் தடியர்கள் ஐந்து பேர் முதலில் என் வீட்டுக்குத்தான் வந்தார்கள். என்னைக் கட்டிலில் உட்கார வைத்து, என் இரண்டு முழங்காலின் மேலும் தடியைக் குறுக்கே வைத்தார்கள். "சாவியா, காலா?" என்று கேட்டார்கள். வேறெதுவும் கேட்கவில்லை. உன்னைப் போல அவர்களுக்கு நாற்பது பதில் தேவைப்படவில்லை.

இந்தக் காலால்தான் ஊர் என்னை ராஜா என்றது. இந்தக் காலுக்குத்தான் உன் தம்பி அன்று கை தட்டினான். ஒவ்வொரு சுற்றிலும் அவன் முகம் என் எதிரே வந்து வந்து போயிற்று.

நானும் உன்னை ஒன்று கேட்கிறேன். ஆமாம், இல்லை என்று முடிகிற கேள்வி அல்ல. அந்தக் கட்டிலில் நீ உட்கார்ந்திருந்தால் என்ன செய்திருப்பாய்?

பலராமன்


பாகூர்
20-11-1957

பலராமனுக்கு,

ராஜான்னு கூப்புட இன்னிக்கு வாய் வரல.

உன் கேள்வி வந்து ஒரு வாரம் ஆச்சி. நான் செஞ்சிருக்க மாட்டேன்னு எழுதி ஒரு காயிதத்தக் கிழிச்சேன். செஞ்சிருப்பேன்னு எழுதி இன்னொண்ணு கிழிச்சேன். தெரியல. அதான் பதில். சாருகிட்ட கேட்டிருந்தா, நல்ல கேள்விக்கு அடையாளமே அதுதான்னு சொல்லியிருப்பாரு. ஆனா எனக்குத் தெரியலங்கிறதால உன்ன வுட்டுடுவேன்னு நெனைக்காத. உன் காலுக்கு என் தம்பி கால நீ குடுத்த. அப்புறம் அவன் பேரச் சொல்லியே சால்வைக்குக் கழுத்த நீட்டுன. முதலாவதுக்கு உன்கிட்ட காரணம் இருக்கு. ரெண்டாவதுக்கு எந்தத் தடியன் வந்தான்?

மாரிமுத்துகிட்ட நான் ஒண்ணும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். சொல்லிட்டா உன் வேல சுலபமாப் பூடும், அவன் திட்டுவான், நீ அழுவ, முடிஞ்சிடும். அந்தச் சால்வைய சாருகிட்ட கேட்டு வாங்கி அவன் மடிச்சி வெச்சிருக்கான். "அண்ணனுக்கு ஒடம்பு சரியில்லாமப் போயிருக்கும், வந்தா நம்ம கையாலயே போட்டுடலாம்"னு சொல்றான். இந்தப் பொங்கலுக்கு வெல்லம் அனுப்பாத. வந்தா நீ வா.

எங்க வூட்டு வாசப்படியிலதான் காலையில இருந்து உக்காந்திருப்பான். முழங்கால் மடங்காது, குறுக்க நீட்டித்தான் வெச்சிருப்பான். உள்ள வர்ற எல்லாரும் அதத் தாண்டித்தான் வரணும்.

எப்படித் தாண்டப் போறன்னு பாக்குறதுக்கு நான் உள்ள இருக்கேன். கொலு கலையலாம்னு நான் இன்னும் சொல்லல.

சம்மந்தம்