நீ மறைத்த ரத்தம்

இன்று காலை புத்தூர் பேருந்து நிலையத்தில் பக்கத்தில் நின்ற பெண்ணிடமிருந்து கிராம்புத் தைல வாசனை வந்தது. வயிற்றைப் பார்த்தால் ஏழு மாதம் இருக்கும். கன்னத்தில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டிருந்தாள். திருப்பதி பஸ் வந்தும் நான் ஏறவில்லை.

ஐந்தாம் மாதம் நீயும் ஈறில் அந்தத் தைலத்தைத் தடவிக்கொண்டுதான் என் வீட்டுக்கு வந்தாய். "அக்கா, பல்லு வெளக்கினா ரத்தமா வருது. வீங்கிக்கீது பாரு" என்று வாயைத் திறந்து காட்டினாய்.

திருப்பதியில் பல் மருத்துவரிடம் போனோம். ஈறு நோய் முற்றியிருக்கிறது, இந்த மாதத்தில் சுத்தம் செய்தால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது, சர்க்கரையையும் உடனே பார்த்துவிடுங்கள் என்றார். நீ சுத்தம் செய்துகொள்ள நாற்காலியில் சாய்ந்தே விட்டாய். நான்தான் கையைப் பிடித்து எழுப்பினேன். "வயித்துல புள்ளைய வெச்சிகினு வாயில ஊசி போட்டுக்குவியாடி? பெத்து எழுந்து வா, அப்புறம் பார்த்துக்கலாம்." எழுந்து வந்தாய். சின்ன வயதிலிருந்தே என் பேச்சைத் தட்டியதில்லை நீ. ஒருமுறையாவது தட்டித் தொலைத்திருக்கலாம்.

ஏழாம் மாதம் சர்க்கரை எகிறியிருந்தது. பிரசவம் பார்க்கும் டாக்டரம்மா, ஈறில் ரத்தம் வருகிறதா என்று தெலுங்கில் கேட்டார். நீ என் முகத்தைப் பார்த்தாய். "லேது மேடம்" என்றாய்.

வெளியே வந்ததும், "இல்லைன்னு ஏன்டி சொன்ன?" என்றேன்.

"உன்னத் திட்டுவாங்கக்கா."

அப்போதாவது திரும்பி உள்ளே போயிருக்க வேண்டும். போகவில்லை. திட்டு வாங்காமல் தப்பித்ததில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

எட்டாம் மாதம் ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்தது. பிள்ளை பிழைத்தது. நீ பிழைக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்தபின் தனியாகப் போய் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஈறுப் புண்ணும் சர்க்கரையும் ஒன்றையொன்று வளர்த்துவிடும் என்றார். "அதனாலதான் போனாங்கன்னு சொல்ல முடியாதும்மா" என்றும் சொன்னார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். அதனால் இல்லை என்றும் அவர் சொல்லவில்லையே.

உன் மகளுக்கு ஆறு வயது. உன் வீட்டுக்காரர் எந்த விசேஷத்துக்குப் போனாலும் பத்துப் பேர் நடுவில் என்னைக் காட்டிச் சொல்கிறார்: "அக்காதான் டாக்டருங்ககிட்டல்லாம் இட்டுகினு போனாங்க. பெத்த தாய்கூட அப்படிப் பார்த்துக்க மாட்டா."

தலைகுனிந்தபடி கேட்டுக்கொள்கிறேன். இன்றுவரை ஒருமுறைகூட மறுக்கவில்லை.