நாலாம் வரியில் ஒரு செமிகோலன்

செவ்வாய், செப்டம்பர் 12

இன்று என் புரோகிராம் ஓடியது. இதை எழுதாமல் தூக்கம் வராது.

அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வருகிறது. டைப்பிஸ்டுகள் எங்கள் நால்வரில் இருவர்தான் இனித் தேவையாம். அதற்காகத்தான் நாற்பது வயதில் கொழும்பு வெள்ளவத்தையில் பாஸ்கல் என்ற கம்ப்யூட்டர் மொழி வகுப்புக்குப் போகிறேன். பெயரைக் கேட்டு வணக்கம் சொல்லும் பத்து வரிதான் முதற்பாடம். என்னுடையது இரண்டு வாரமாக ஐந்தாம் வரியில் பிழை என்று நின்றது. அந்த வரியை எத்தனை தரம் அழித்து எழுதியிருப்பேன்.

இன்று பக்கத்து மெஷினில் இருக்கும், கிராண்ட்பாஸிலிருந்து வரும் பரீனா எட்டிப் பார்த்தாள். "அஞ்சுல ஒண்டும் பிழையில்ல அக்கா. நாலாம் வரிக் கடைசியில செமிகோலன் போடல்லயே நீங்க."

வரியை முடிக்கும் அந்த அரைப்புள்ளியைப் போட்டேன். "வணக்கம் மனோகரி" என்று ஆங்கில எழுத்தில் திரையில் வந்தது. பரீனா அதைச் சத்தமாக வாசித்தாள். வகுப்பே திரும்பிப் பார்த்தது.

இருவரும் பஸ்ஸுக்கு நடக்கும்போது, சோதனைச் சாவடி ஆமிக்காரன் என் பையிலிருந்த புரோகிராம் பிரிண்டை விரித்து, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான். வழக்கமாக ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வேன். இன்று ஐந்தாம் வரி, நாலாம் வரி, செமிகோலன் எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினேன்.

"சொன்னது காணும் அக்கா, வாங்க," என்று பரீனா கையைப் பிடித்து இழுத்தாள்.

அவன் தாளை விடவில்லை. "தென் ஹரித?" என்றான். இப்போது சரியா என்று கேட்கிறான்.

"ஹரி," என்றேன்.

தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்துத் தந்தான்.