சுரங்கத்தை நிறுத்திய காலுறை

அன்புள்ள என் பெரியவளுக்கு, அம்மா எழுதுவது. நாங்கள் இரண்டு பேரும் சுகம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது, வாய்தான் குறையவில்லை. என் மானம் கப்பலேறிய கதையை வேறு யாராவது கண் காது வைத்துச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். சுரங்கக் குழியைச் சுற்றியுள்ள ஆழ்குழாய்களில் தண்ணீர் எத்தனை மீட்டர் கீழே நிற்கிறது என்று நாடா விட்டு அளப்பதுதானே என் வேலை, அதில் ஏழாம் குழாயில் பூமிச் சூட்டால் தண்ணீர் கொதிக்காத குறை. இவ்வளவு சூடு வீணாகிறதே என்று அப்பாவின் பழைய காலுறையில் இரண்டு முட்டையைப் போட்டுக் கயிறு கட்டி இறக்குவேன், மதியச் சாப்பாட்டுக்குள் வெந்துவிடும். போன வாரம் தூக்கும்போது நடுவழியில் சிக்கிக் கயிறு அறுந்துவிட்டது. யாரிடமும் மூச்சு விடாமல் இரண்டு நாள் லீவில் வந்துவிட்டேன், அதுதான் நான் செய்த தப்பு.

எனக்குப் பதிலாக வந்தவர் நாடாவை விட்டிருக்கிறார். அதன் நுனி தண்ணீரில் பட்டால் கருவி கத்தும், ஈரக் காலுறையில் பட்டதும் கத்தியிருக்கிறது. நாற்பது மீட்டரில் இருந்த வெந்நீர் பன்னிரண்டுக்கு ஏறிவிட்டது, குழிச்சுவர் சரியப்போகிறது என்று கீழே இருந்த அத்தனை பேரையும் மேலே ஏற்றி, எல்லா பம்பையும் ஓடவிட்டு, இன்ஜினியர் சாப்பிடாமல் நின்றுகொண்டிருந்தார். லீவு முடிந்து போனவள், வேலை போனாலும் போகட்டும் என்று உண்மையைச் சொன்னேன். கொக்கி போட்டு இழுத்தால் இருநூறு பேர் முன்னால் அப்பாவின் ஓட்டைக் காலுறை வருகிறது, முட்டையில் ஒரு கீறல்கூட இல்லை! வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அப்பாவுக்கோ, ஓட்டையைத் தைக்காமல் கொண்டுபோய்விட்டேனே என்றுதான் கோபம்.

இன்ஜினியர் மட்டும் சிரிக்கவில்லை, வேலையை விட்டு அனுப்பவும் இல்லை. நாளைக்கு நிஜமாவே தண்ணி ஏறும்போது, இதுவும் அக்காவோட காலுறைதான்னு இவங்க கீழயே நின்னுட்டா நான் என்னக்கா பண்றது என்று கேட்டார். அழுதுவிட்டேன். நேற்று ஐந்தாம் குழாயில் மூன்று மீட்டர் ஏறியிருந்தது, நான்கு தடவை அளந்துவிட்டு எச்சரிக்கை மணியடித்தேன். கேலி பேசிக்கொண்டேதான் ஏறினார்கள், ஆனால் ஒருத்தர் விடாமல் ஏறி வந்துவிட்டார்கள்.

நீ நீண்ட ஆயுளோடு நிம்மதியாக இரு கண்ணே. உன் இருமலுக்கு டாக்டரைப் பார்க்க மறக்காதே.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா